பழைய லாரிக்கு பம்ப் பார்ப்பவரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சொந்தமாக ஒரு பழைய லாரியை வைத்துக்கொண்டு பெங்களூரில் பிழைக்கும் நம்மவர்கள் அநேகர். மேட்டில் இழுவை இல்லை, டீசல் அதிகம் குடிக்கிறது, கரும்புகை தள்ளுகிறது என்று புகார் எழுந்தால், "பம்பில் ஒரு திருகு திருப்பினால் போதும்" என்று சொல்ல ஆள் உடனே கிடைத்துவிடுவார். அவரிடம்தான் ஜாக்கிரதை தேவை.

திருகைத் திருப்பினால் இழுவை கூடுவது உண்மையே. ஆனால் கூடுவது டீசல் மட்டும். அதை எரிக்கக் காற்று போதாது. மிச்சம் கரியாக வெளியேறும். தொடர்ந்து சுமையுடன் மேடு ஏறினால் சூடு மிஞ்சி பிஸ்டன் உருகலாம், டர்போ கெடலாம். தவணை கட்டிக்கொண்டிருப்பவருக்கு ஒரே என்ஜின் வேலையில் பல மாதச் சம்பாத்தியம் போய்விடும்.

எடுத்த எடுப்பில் பம்பைக் கழற்றுபவர் வேண்டாம். ஏர் பில்டர் அடைத்திருக்கிறதா, டாப்பெட் இடைவெளி சரியா, டர்போ குழாயில் கசிவு உண்டா என்று முதலில் பார்ப்பவரே தொழில் தெரிந்தவர். புகையின் நிறத்தையும் கேட்பார். நீலப் புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது; அதற்குப் பம்ப் வேலை மருந்தல்ல.

பெஞ்ச் இருக்கிறதா?

பம்பைச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்ச் அந்தப் பட்டறையில் இருக்கவேண்டும். பம்பை அதில் பூட்டி, பல வேகங்களில் ஓட்டி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் டீசலைக் கண்ணாடிக் குழாய்களில் பிடித்து அளப்பார்கள். ஆறு சிலிண்டர் என்றால் ஆறு குழாயிலும் மட்டம் ஏறக்குறைய ஒன்றாக நிற்கவேண்டும். எவ்வளவு நிற்கவேண்டும் என்பதற்கு பம்பின் தகட்டு எண்ணுக்கு ஏற்ற அளவுப் பட்டியல் உண்டு. அதைக் காட்டச் சொல்லுங்கள். "அனுபவத்தில் வைத்துவிடுவேன்" என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். கவர்னர் எந்த வேகத்தில் டீசலை நிறுத்துகிறது என்பதையும் பெஞ்சிலேயே பார்க்கலாம்.

நாசிலையும் கைப்பம்பில் மாட்டிக் காட்டச் சொல்லலாம். டீசல் பனிபோல் சிதறவேண்டும், சொட்டக்கூடாது.

ஆடுகோடியில் இந்தப் பம்புகளைச் செய்த மைக்கோ கம்பெனி 2008இல் பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறியது. பழைய லாரிக்காரர்கள் வாயில் இன்றும் அது மைக்கோ பம்ப்தான். அந்தப் பெயரைப் பலகையில் எழுதியிருப்பதாலேயே ஒரு கடை அங்கீகாரம் பெற்றதாகிவிடாது. சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள்.

நாடு முழுவதும் பி.எஸ். 4 விதி வந்த 2017க்குப் பிந்திய லாரிகள் பலவற்றில் டீசல் அளவைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. லேப்டாப்பை மாட்டிக் குதிரைசக்தியைக் கூட்டித் தருவதாகச் சொல்பவர்கள் இவற்றைத்தான் தேடி வருவார்கள். பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது.

புகைச் சோதனையும் இருக்கிறது. பி.எஸ். 4க்கு முந்திய டீசல் வண்டிக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகும், பி.எஸ். 4 வண்டிக்கு 50 அலகும் உச்ச வரம்பு. எட்டு வயது கடந்த லாரிக்கு எப்.சி. வருடா வருடம் எடுத்தாக வேண்டும்.

வேலை முடிந்ததும் பெஞ்ச் அளவுகளை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பம்பின் சீல் புதிதாகப் போடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். டாங்கை நிரப்பி, வழக்கமான பாதையில் வழக்கமான சுமையுடன் ஓட்டி, திரும்பி வந்து மீண்டும் நிரப்பினால் எத்தனை லிட்டர் மிச்சம் என்பது தெரிந்துவிடும்.