ஆலைச் சங்கு ஓய்ந்த பின்: அகமதாபாத்தின் பண்பாட்டுச் செல்வமும் சுற்றுலாவும்

ஒரு நகரம் ஒரே தொழிலை நம்பி வளரும்போது அதன் வளர்ச்சி விரைவாக அமைகிறது. அத்தொழில் நலிவுறும்போது வீழ்ச்சியும் அதே விரைவில் நேர்கிறது. ஆலைகள் மூடப்பட்ட பின் அந்நகரின் நிலமும் கட்டடங்களும் மக்களும் என்ன ஆவது என்பது, தொழிற்புரட்சியின் பயனை முதலில் துய்த்த நாடுகள் அனைத்தும் சந்தித்த வினாவாகும். வரலாற்றையும் கலையையும் முன்வைத்து வெளியூர் மக்களை ஈர்ப்பது, அவ்வினாவுக்குப் பல நகரங்கள் கண்ட விடைகளுள் ஒன்று. நம் நாட்டில் இவ்வழியில் நெடுந்தொலைவு சென்றுள்ள நகரம், ஒரு காலத்தில் ‘இந்தியாவின் மான்செஸ்டர்’ என்று வழங்கப்பட்ட அகமதாபாத். அதன் வெற்றி எத்தகையது, அவ்வெற்றியில் யாருக்குப் பங்கு கிடைத்தது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

பஞ்சாலைகள் உருவாக்கிய நகரம்

1411ஆம் ஆண்டில் சுல்தான் அகமது ஷா சபர்மதி ஆற்றின் கிழக்குக் கரையில் நிறுவிய இந்நகரம், தொடக்க முதலே துணி வாணிகத்துக்குப் பெயர் பெற்றது. 1861இல் ரண்சோட்லால் சோட்டாலால் என்பவர் இங்கு முதல் நூற்பாலையை இயக்கினார். பின்னாளில் அவரே நகராட்சியின் தலைவராகவும் விளங்கி, எதிர்ப்புகளுக்கிடையே குழாய்நீர்த் திட்டத்தையும் பாதாளச் சாக்கடைத் திட்டத்தையும் கொண்டுவந்தார். தொழிலதிபரே நகர நிர்வாகத்திலும் பொறுப்பேற்கும் மரபு இவ்வாறு தோன்றியது.

நாளடைவில் பழைய மதிற்சுவருக்கு வெளியே, கோம்திப்பூர், ரக்கியால், சரஸ்பூர், அசார்வா போன்ற பகுதிகளில் ஆலைகளின் புகைபோக்கிகள் எழுந்தன. அவற்றின் அருகே ‘சாலி’ எனப்படும் வரிசை வீடுகளில் தொழிலாளர்கள் குடியேறினர். நூற்புப் பிரிவில் தலித் மக்களும் நெசவுப் பிரிவில் இஸ்லாமியரும் பெருமளவில் பணியாற்றினர். ஆலைச் சங்கே அம்மக்களின் கடிகாரமாக இருந்தது.

1918ஆம் ஆண்டுப் போராட்டம் இந்நகரின் வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். கொள்ளைநோய்க் காலத்தில் வழங்கிய படியை ஆலையதிபர்கள் நிறுத்தியதையடுத்து, 35 சதவீத ஊதிய உயர்வு கோரித் தொழிலாளர்கள் வேலையிலிருந்து விலகி நின்றனர். காந்தியடிகள் அவர்களுக்குத் தலைமை தாங்கி மூன்று நாள் உண்ணாநோன்பு இருந்தார். ஆலையதிபர்களின் தலைவராக அம்பாலால் சாராபாய் ஒருபுறம் நிற்க, அவருடைய தமக்கை அனசூயா சாராபாய் தொழிலாளர்களின் பக்கம் நின்றார். பூசல் நடுவர் தீர்ப்புக்கு விடப்பட்டு முடிவுற்றது. 1920இல் ஜவுளித் தொழிலாளர் சங்கம் தோன்றியது.

செழித்த காலத்தின் முதலீடு

ஆலைகள் நன்கு நடந்த காலத்திலேயே அவற்றின் இலாபத்தில் ஒரு பகுதி கல்வியிலும் கலையிலும் முதலீடு செய்யப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. 1947இல் ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. 1949இல் சாராபாய் குடும்பத்தார் காலிக்கோ ஜவுளி அருங்காட்சியகத்தைத் தோற்றுவித்தனர். 1961இல் மைய, மாநில அரசுகளும் தொழில்துறையினரும் கூடி இந்திய மேலாண்மைக் கழகத்தை அமைத்தனர். அதே ஆண்டில் தேசிய வடிவமைப்புக் கழகமும் இங்கு தொடங்கப்பட்டது. கஸ்தூர்பாய் லால்பாய், விக்ரம் சாராபாய் ஆகியோரின் முயற்சி இவற்றில் பெரும்பங்கு வகித்தது.

கட்டடக் கலையிலும் இந்நாட்டம் வெளிப்பட்டது. ஆலையதிபர் சங்கம் தன் கட்டடத்தை வடிவமைக்க லெ கொர்புசியேயை அழைத்தது. அது 1954இல் நிறைவுற்றது. மேலாண்மைக் கழக வளாகத்தை லூயி கான் வடிவமைத்தார். சபர்மதி ஆசிரமத்தில் 1963இல் திறக்கப்பட்ட காந்தி நினைவு அருங்காட்சியகம் சார்லஸ் கொரியாவின் தொடக்ககாலப் படைப்பு. கட்டடக் கலை பயில்வோர் இன்று உலகின் பல பகுதிகளிலிருந்தும் இவற்றைக் காண வருகின்றனர். ஆலைகள் அழிந்த பின்னும் நகரம் நிலைகுலையாமல் இருந்ததற்கு, செழிப்புக் காலத்தில் சேர்த்துவைத்த இச்செல்வம் ஒரு முக்கிய காரணம் எனலாம்.

வீழ்ச்சியும் அதன் விலையும்

நூற்பும் நெசவும் ஒரே கூரையின் கீழ் நடந்த பழைய ஆலைகள், 1980க்குப் பின் ஒவ்வொன்றாக நலிந்தன. குறைந்த கூலியில் இயங்கிய விசைத்தறிக் கூடங்களின் போட்டி, செயற்கை இழைத் துணிகளின் பெருக்கம், காலத்தில் புதுப்பிக்கப்படாத இயந்திரங்கள் ஆகியவை இதற்குக் காரணங்கள். 1980களிலும் 1990களிலும் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆலைகள் மூடப்பட்டு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலையிழந்தனர்.

வேலையிழந்தோரில் பலர் ஆட்டோ ஓட்டுநராகவும் தெரு வணிகராகவும் தினக்கூலிகளாகவும் மாறினர். அவர்கள் ஈட்டியது முன்னைய ஊதியத்தில் ஒரு பகுதியே. சேமநல நிதி, மருத்துவ வசதி, பணிக்கொடை ஆகிய பாதுகாப்புகளும் நீங்கின. குடும்பச் சுமை பெரும்பாலும் பெண்கள் மீது விழுந்தது. துணி தைத்தல், ஊதுவத்தி உருட்டுதல் போன்ற வீட்டுவேலைகளால் அவர்கள் குடும்பத்தைத் தாங்கினர். ஜவுளித் தொழிலாளர் சங்கத்தின் மகளிர் பிரிவிலிருந்து இலா பட் 1972இல் உருவாக்கிய சேவா அமைப்பு, இத்தகைய பெண்களுக்குப் பெருந்துணையாயிற்று.

வருவோரை ஈர்த்தவை

இச்சூழ்நிலையில் நகரம் தன் பழைய பகுதியின் பக்கம் பார்வையைத் திருப்பியது. அகமதாபாத் மாநகராட்சி மரபுச் சின்னங்களுக்கெனத் தனிப் பிரிவு ஒன்றை ஏற்படுத்தி, 1997 நவம்பரில் மரபு நடைப் பயணத்தைத் தொடங்கியது. காலுப்பூர் சுவாமிநாராயணர் கோயிலில் புறப்படும் இப்பயணம், குறுகிய சந்துகளின் வழியாகச் சென்று 1424இல் கட்டப்பட்ட ஜும்மா பள்ளிவாசலில் முடிவடைகிறது. வழியிலுள்ள ‘போள்’ எனப்படும் குடியிருப்புகளே இதன் சிறப்பு. ஒரே வாயிலைக் கொண்ட இக்குடியிருப்புகளில் வேலைப்பாடமைந்த மரவீடுகளும், முற்றத்தின் அடியில் மழைநீரைச் சேமிக்கும் தொட்டிகளும், பறவைகளுக்கு இரையிடும் தூண்மாடங்களும் உள்ளன. சிதி சையத் பள்ளிவாசலின் கற்சாளரமும், காலையில் ஒரு வணிகம், பகலில் ஒரு வணிகம், இரவில் உணவுக்கடைகள் என வேளைக்கு வேளை மாறும் மாணிக் சௌக்கும் அருகில் உள்ளன. 2017 ஜூலையில் யுனெஸ்கோ இப்பழைய நகரை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இந்தியாவில் ஒரு நகரம் அப்பட்டியலில் இடம்பெற்றது அதுவே முதல் முறை.

மற்றொரு பெருமுயற்சி சபர்மதி ஆற்றங்கரைத் திட்டம். 1997இல் இதற்கெனத் தனி நிறுவனம் அமைக்கப்பட்டது. 2005இல் பணிகள் தொடங்கி, 2012 முதல் கரைப் பகுதிகள் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடந்த ஆற்றில், நர்மதைக் கால்வாய் நீர் வாஸ்னா அணையால் தேக்கி நிறுத்தப்படுகிறது. பூங்காக்களும் நடைபாதைகளும் மாலை நேரத்தில் நகர மக்களுக்கு நல்ல பொழுதுபோக்கிடமாக உள்ளன. ஆயினும் கரையில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இதற்காக அப்புறப்படுத்தப்பட்டதை மறத்தலாகாது. அவர்கள் உயர்நீதிமன்றத்தை நாடிய பின்னரே மாற்றுக் குடியிருப்பு ஏற்பாடுகள் நெறிப்பட்டன. அவ்வாறு கிடைத்த வீடுகளிற் பலவும் அவர்களுடைய வேலையிடங்களுக்குத் தொலைவில் அமைந்தன.

பொருளியல் நோக்கில்

மரபுச் சின்னங்களைக் காப்பதில் ஓர் அடிப்படைச் சிக்கல் உள்ளது. போளில் உள்ள மரவீட்டின் அழகைத் தெருவில் செல்லும் அனைவரும் துய்க்கின்றனர். விடுதிக்காரரும் வழிகாட்டியும் அதனால் வருவாய் பெறுகின்றனர். ஆனால் கறையான் அரித்த உத்தரத்தை மாற்றும் செலவு வீட்டுக்காரர் ஒருவரையே சாரும். பயன் பலருக்கும் செலவு ஒருவருக்கும் என்றிருக்கும்போது, வீட்டை இடித்துவிட்டுக் கற்காரைக் கட்டடம் எழுப்புவதே அவருக்கு இலாபமாகத் தோன்றும். இது அவருடைய குற்றமன்று. சந்தை விலையில் பொதுப் பயன் இடம்பெறாததன் விளைவு அது.

இதற்குத் தீர்வாக மாநகராட்சி, மரபு வீட்டின் உரிமையாளர் பயன்படுத்த இயலாத கட்டுமான உரிமையை நகரின் வேறு பகுதியில் கட்டடம் எழுப்புவோருக்கு விற்க வகை செய்தது. புதிய நகரின் வளர்ச்சியிலிருந்து பழைய நகரின் பாதுகாப்புக்குப் பொருள் பெறும் வழி இது. கொள்கையளவில் இது சாலச் சிறந்தது. நடைமுறையில், பல பங்காளிகளுக்கு உரிமையான வீட்டிலும், பழைய வாடகைக்குக் குடியிருப்போர் உள்ள வீட்டிலும், உரிமையை மெய்ப்பிப்பதே பெரும்பாடாகிறது.

இன்னொன்றையும் கருத வேண்டும். வருகையாளர் செலவிடும் பணம் முழுவதும் உள்ளூரில் தங்குவதில்லை. காலையில் வந்து மாலையில் திரும்புபவரால் நகருக்குக் கிடைப்பது சிறிதே. போளில் ஒரு வீட்டில் தங்கி, உள்ளூர்ப் பெண்கள் சமைத்த உணவை உண்டு, உள்ளூர்க் கைவினைப் பொருளை வாங்குபவரின் பணம் பல கைகள் மாறி அங்கேயே சுழல்கிறது. எனவே வருகையாளரின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு வெற்றியை அளப்பது பொருந்தாது. சிறு குழுக்களையே உள்ளே அனுமதிக்கும் மரபைக் கொண்ட காலிக்கோ அருங்காட்சியகம் உலகப் புகழ் பெற்றிருப்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

காட்சிக்கு வராத வரலாறு

மங்கள்தாஸ் கிர்தர்தாஸ் என்ற ஆலையதிபர் 1924இல் கட்டிய மாளிகை, பின்னர் மரபு விடுதியாக மாற்றப்பட்டுப் பயணிகளை வரவேற்கிறது. ஆலையதிபர்களின் கட்டடமும் அவர்கள் தொகுத்த துணிகளும் போற்றப்படுகின்றன. இவையனைத்தும் போற்றத்தக்கனவே. ஆனால் அத்துணிகளையும் செல்வத்தையும் உண்டாக்கிய ஆலை எங்கே? மூன்று தலைமுறையாக அங்கு உழைத்தவர்களின் சுவடு எங்கே? பெரும்பாலான ஆலைகள் மதிற்சுவருக்கு வெளியே இருந்தமையால், மரபு நடைப் பயணத்தின் பாதையிலோ உலக மரபுச் சின்னத்தின் எல்லையிலோ அவை அடங்கவில்லை. இயந்திரங்கள் பழைய இரும்பாக விற்கப்பட்டன. நிலங்கள் பல குடியிருப்புகளாகவும் வணிக வளாகங்களாகவும் மாறின. கடன் கொடுத்தவரும் நிலத்தை வாங்கியவரும் கணக்கை முடித்துக்கொண்டனர். தொழிலாளர் பலருக்குச் சேரவேண்டிய தொகையோ ஆண்டுக்கணக்கில் வழக்கில் கிடந்தது.

இவ்வகையில் பிற நாடுகளின் அனுபவம் நமக்குப் பயன்படும். ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் 1986இல் மூடப்பட்ட சொல்ஃபெரைன் நிலக்கரிச் சுரங்கம் இடிக்கப்படவில்லை. 2001இல் அது உலக மரபுச் சின்னமாயிற்று. முன்னாள் சுரங்கத் தொழிலாளர்களே பார்வையாளர்களுக்கு வழிகாட்டிகளாகவும் அமைந்தனர். அகமதாபாத்துக்குப் பட்டப்பெயர் தந்த மான்செஸ்டர் நகரம், 1830இல் திறக்கப்பட்ட தன் பழைய இரயில் நிலையத்தை அறிவியல், தொழில் அருங்காட்சியகமாக மாற்றிக்கொண்டது. அமெரிக்காவின் லோவெல் நகரப் பஞ்சாலைகள் 1978இல் தேசிய வரலாற்றுப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அங்கு ஆலையில் தறிகள் ஓடும் இரைச்சலையே பார்வையாளர் நேரில் கேட்கலாம்.

செய்யத்தக்கவை

அகமதாபாத்தில் இன்னும் எஞ்சியுள்ள புகைபோக்கிகளையும் ஆலைக் கூடங்களையும் கணக்கெடுத்து, குறைந்தது ஒரு கூடத்தையேனும் பொது நினைவிடமாகக் காத்தல் முதற்பணி. ஆலையில் உழைத்த முதியோரின் நினைவுகளை அவர்கள் வாழும் காலத்திலேயே ஒலிப்பதிவு செய்தல் இரண்டாவது. இதற்குச் செலவு மிகக் குறைவு. ஆனால் காலம் தாழ்ந்தால் எவ்வளவு செலவிட்டாலும் இயலாது. கோம்திப்பூரையும் சரஸ்பூரையும் உள்ளடக்கிய மற்றொரு நடைப் பயணத்தை வகுத்து, ஆலைத் தொழிலாளர் குடும்பத்து இளைஞர்களை வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்தல் மூன்றாவது. வீட்டிலிருந்தே தைத்தும் பின்னியும் உழைக்கும் பெண்களின் பொருள்களுக்கு ஆற்றங்கரையிலும் அருங்காட்சியகங்களிலும் நிலையான விற்பனை இடம் ஒதுக்குதல் நான்காவது.

மும்பை, கான்பூர், கோயம்புத்தூர் ஆகிய நகரங்களிலும் ஆலை நிலங்கள் கைமாறியுள்ளன அல்லது மாறி வருகின்றன. நிலத்தின் விலை ஏறும்போது நினைவின் விலை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் இடித்த கூடத்தை மீண்டும் எழுப்ப முடியாது. அகமதாபாத் தன் சுல்தான்களின் கல்லையும் வணிகர்களின் மரத்தையும் காத்து உலகின் பாராட்டைப் பெற்றது. தன் தொழிலாளர்களின் வியர்வைக்கும் அதே மதிப்பை வழங்கும் நாளில்தான் அந்நகரின் மறுமலர்ச்சி முழுமை பெறும்.