இடுப்புப் பை முதலில் எங்கே பிரிகிறது?

இடுப்புப் பை வாங்கப் போகிறவர் கடையில் முதலில் செய்வது துணியைத் தடவிப் பார்ப்பது. கெட்டியாக இருந்தால் நெடுநாள் உழைக்கும், மெல்லிசாக இருந்தால் சீக்கிரம் கிழிந்துவிடும் என்பது நம் கணக்கு. விற்பவரும் அதற்கேற்பத் துணியின் பெருமையையே பேசுவார். ஆனால் உழைத்துத் தேய்ந்து ஓரமாய்ப் போட்டுவைத்த இடுப்புப் பை ஒன்றை எடுத்துப் பாருங்கள். நடுத்துணி கிழிந்திருப்பது அபூர்வம். ஜிப் மூடியும் பல் கடிக்காமல் பிளந்து நிற்கும். பக்கிளின் ஒரு கொக்கி உடைந்திருக்கும். பட்டையும் பையும் சேரும் மூலையில் தையல் விட்டிருக்கும். உள்பூச்சு பிசுபிசுத்து உரிந்திருக்கும். ஒரு பொருளோடு இன்னொரு பொருள் சேரும் இடத்தில்தான் பை கெடுகிறது. ஆகவே நீடித்து உழைக்கும் பை வேண்டுமென்றால் துணிக்குச் செலவிடும் கவனத்தைவிடக் கூடுதலாக இந்தச் சேர்மானங்களைப் பார்க்க வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

இடுப்புப் பை அளவில் சிறியது. அதனால் அதன் பாடும் குறைவுதான் என்று தோன்றும். உண்மை நேர்மாறானது. முதுகுப் பையை ஒரு நாளில் சில தடவை திறப்போம். இடுப்புப் பையில் செல்போன் இருக்கிறது, சில்லறை இருக்கிறது, சாவி இருக்கிறது; திறப்பதற்குக் கணக்கே கிடையாது. மேலும் அது உடம்பை ஒட்டியே கிடக்கிறது. பின்பக்கம் முழுவதும் வியர்வையில் ஊறுகிறது, வியர்வை காய்ந்தால் உப்பு தங்குகிறது. உட்காரும்போதும் குனியும்போதும் பை மடங்குகிறது. செல்போன், பவர் பேங்க், மணிபர்ஸ், சாவிக்கொத்து, பாஸ்போர்ட் எல்லாம் சேர்ந்தால் எடை முக்கால் கிலோவைத் தாண்டிவிடும். அத்தனையும் ஒரே பட்டையில், இரண்டே மூலைகளில் தொங்குகிறது.

துணியை அறவே விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் துணியைப் பற்றிச் சொல்லப்படும் எண்களைப் புரிந்துகொண்டு கேட்க வேண்டும். 500 டெனியர், 1000 டெனியர் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். ஒன்பதாயிரம் மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டெனியர். அதாவது அந்த எண் நூலின் பருமனைச் சொல்கிறது, வலுவைச் சொல்லவில்லை. அதே பருமனுள்ள நைலான் நூல் உராய்வைப் பாலியெஸ்டரைவிட அதிகம் தாங்கும். எனவே 600 டெனியர் பாலியெஸ்டர் துணியைவிட நல்ல 500 டெனியர் நைலான் துணி மேலாக இருக்கலாம். வெயிலில் நிலைமை மாறுகிறது. வெயில் நைலானைச் சீக்கிரம் நலியச் செய்யும், பாலியெஸ்டர் அதிக நாள் தாக்குப்பிடிக்கும். தண்ணீரையும் அது குறைவாகவே உறிஞ்சும். நாள் முழுக்க வெயிலில் நின்று வியாபாரம் செய்பவருக்குப் பாலியெஸ்டர் பை மட்டமான தேர்வு அல்ல. 1000 டெனியர் முரட்டுத் துணியை நான் இடுப்புப் பைக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். அது தேயாது, ஆனால் இடைவிடாமல் உரசி உங்கள் சட்டையைத் தேய்த்துவிடும்.

துணிக்குப் பின்னால் இருக்கும் பூச்சைத்தான் பலரும் பார்ப்பதில்லை. தண்ணீர் உள்ளே இறங்காமலிருக்கத் துணியின் உள்பக்கம் பாலியூரித்தேன் பூசுகிறார்கள். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் இந்தப் பூச்சு வேதிமாற்றம் அடைந்து சிதையும். முதலில் கையில் ஒட்டும், பிறகு ஒரு வாடை வரும், கடைசியில் செதில் செதிலாக உதிரும். குளிர்நாட்டில் பல ஆண்டு தாங்கும் பூச்சு சென்னையிலோ தூத்துக்குடியிலோ பீரோவுக்குள் சும்மா வைத்திருந்தாலே கெட்டுப்போகலாம். தோல்போல் தெரியும் ரெக்சின் பைகளின் மேல்பரப்பு உரிவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். பையின் உள்ளே விரலை அழுத்தி எடுத்துப் பாருங்கள். புதுப் பையிலேயே ஒட்டும் உணர்வு இருந்தால் அது கிடங்கில் நெடுநாள் கிடந்த சரக்கு.

அடுத்து ஜிப். பையின் ஆயுளில் பாதியை இதுதான் தீர்மானிக்கிறது. கிதியோன் சண்ட்பேக் 1917-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற அமைப்பின் அடிப்படையே இன்றைக்கும் தொடர்கிறது: இரண்டு வரிசைப் பற்கள், அவற்றை நெருக்கிக் கோக்கும் ஒரு ரன்னர். பற்கள் சும்மா நிற்கின்றன, வேலை செய்வது ரன்னர். திரும்பத் திரும்ப இழுக்கும்போது ரன்னரின் உள்பக்கம் தேய்ந்து இடைவெளி கூடுகிறது. அப்போது அது பற்களைப் போதிய அளவு நெருக்குவதில்லை. மூடிக்கொண்டே போக, பின்னால் ஜிப் பிளந்துகொண்டே வரும். ‘ஜிப் போய்விட்டது’ என்று பையைத் தூக்கிப் போடுகிறவர்களில் பலருக்குப் போனது ரன்னர் மட்டும்தான். பை தைப்பவரிடம் கொடுத்தால் புது ரன்னர் மாட்டித் தந்துவிடுவார்.

ஜிப் வகைகளில் இடுப்புப் பைக்கு நைலான் சுருள் ஜிப்பே உகந்தது என்கிறேன். அது வளைவுகளில் மடங்கிப் போகும், துருப்பிடிக்காது, ஓரிடத்தில் பிசகினாலும் ரன்னரை ஒருமுறை முன்னும் பின்னும் இழுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். உலோகப் பல் ஜிப்பில் ஒரு பல் விழுந்தால் முழு ஜிப்பையும் மாற்ற வேண்டியதுதான், வியர்வை உப்பில் பித்தளை பச்சை பூக்கும். ஜிப்புக்கு அளவு எண் உண்டு; பெரும்பாலும் ரன்னரின் பின்பக்கத்தில் பொறித்திருக்கும். எண் கூடக்கூடப் பல்வரிசையின் அகலம் கூடும். முதன்மை அறைக்கு 5-க்குக் குறையாமல் இருக்க வேண்டும், 3 உள்ளறைக்குப் போதும். ததாவோ யோஷிதா 1934-இல் ஜப்பானில் தொடங்கிய ஒய்கேகே நிறுவனத்தின் ஜிப் இருந்தால் நல்லது. ஆனால் அந்த மூன்று எழுத்துகளையும் போலியாகப் பொறிப்பவர்கள் இருப்பதால் இழுத்துப் பார்த்துத்தான் நம்ப வேண்டும். பையில் எடையை வைத்து, ஒரே கையால், வளைவான மூலையில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். அங்கே திக்கினால் வீட்டுக்கு வந்தபின் இன்னும் திக்கும். தண்ணீர் புகாது என்று பளபளப்பான படலம் ஒட்டிய ஜிப்புகளும் வருகின்றன. தூறலுக்கு உதவும். ஆனால் இழுவை கடினம், படலமும் நாளாவட்டத்தில் மடிப்பில் விரிசல் விடும். ஐப்பசி மழைக்குச் செல்போனை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைப்பது அதைவிட நம்பகமானது.

ஜிப்பைக் கெடுப்பதில் தையலுக்கும் பங்குண்டு. பையை உள்வெளியாகத் திருப்பிப் பார்த்தால் துணியின் வெட்டு விளிம்புகள் தெரியும். நல்ல பையில் அந்த விளிம்புகளை நாடாவால் மூடிப் பட்டி தைத்திருப்பார்கள். மட்டமான பையில் விளிம்பு அப்படியே விடப்பட்டிருக்கும். அதிலிருந்து பிரியும் நூல் ஜிப்பில் சிக்கும். சிக்கிய ரன்னரை நாம் பலம்கொண்டு இழுப்போம். அதோடு ஜிப்பும் போகும். நூல் பாலியெஸ்டராகவோ நைலானாகவோ இருக்க வேண்டும், பருத்தி நூல் வியர்வையில் இற்றுப்போகும். தையல் நெருக்கமாக இருப்பதெல்லாம் உறுதி என்று நினைக்கவும் வேண்டாம். ஊசித்துளைகள் மிகவும் நெருங்கினால் அஞ்சல்தலையின் விளிம்பைப்போல அந்த வரிசையிலேயே துணி கிழியும். தடித்த துணிக்குத் தடித்த நூலில் அங்குலத்துக்கு ஏழெட்டுத் தையல் சரியான அளவு. பட்டை பையோடு சேரும் இரு மூலைகளில் மட்டும் தனிக் கட்டுத்தையல் அவசியம்: குறுக்காக முன்னும் பின்னும் ஓட்டிய தையலோ, சதுரம் அடித்து நடுவில் பெருக்கல் குறி போட்ட தையலோ இருக்க வேண்டும். பையை ஒரு கையிலும் பட்டையை மறு கையிலும் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். தையல் வாய் திறந்து நூல் வெளியே தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம்.

பக்கிள் விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உடைந்தால் மாற்ற முடியுமா? அசெட்டால் என்ற பிளாஸ்டிக்கில் வார்த்த பக்கிள் வளைந்து கொடுக்கும், மட்டமான பிளாஸ்டிக் கார் கதவில் ஒருமுறை நசுங்கினால் உடையும். ஆனால் எந்தப் பக்கிளும் ஒருநாள் உடையத்தான் செய்யும். பட்டையைக் கோத்து இறுக்கும் வகையாக இருந்தால் நாமே உருவிவிட்டு வேறொன்று கோத்துக்கொள்ளலாம். பையோடு சேர்த்துத் தைத்துவிட்டிருந்தால் தையலைப் பிரிக்க வேண்டும். பட்டை வழுவழுவென்று மெல்லிசாக இருந்தால் எடையில் நழுவிக்கொண்டே இருக்கும். பாலிப்ரொப்பிலீன் பட்டை வெயிலிலும் நலியும். ஒரு அங்குலப் பட்டை லேசான பைக்குப் போதும், பவர் பேங்க் வரை சுமப்பவருக்கு ஒன்றரை அங்குலம் வேண்டும். இதில் நம் ஊரிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. வேட்டிக்கும் கைலிக்கும் மேல் பெரியவர்கள் கட்டிய அந்த அகலமான பச்சை பெல்ட்டை நினைத்துப் பாருங்கள். எடையை இடுப்பு முழுவதும் பரப்பும் அகலம், மூடியுள்ள சில அறைகள். கெடக்கூடிய சேர்மானங்கள் சொற்பம், கெட்டாலும் தெருமுனையில் தைத்துக்கொள்ளலாம். நீடித்த உழைப்புக்கான இலக்கணம் அதில் அப்படியே இருக்கிறது.

இத்தனை கவலை எதற்கு, நல்ல தோல் பையாக வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று ஒரு மறுப்பு எழும். தோலின் ஆயுளுக்குச் சான்றும் காட்டுவார்கள்: 1991-இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கண்டெடுத்த ‘ஓட்ஸி’ மனிதனின் இடுப்பில் கன்றுத்தோல் கச்சும் அதில் தைத்த பையும் இருந்தன, உள்ளே கற்கருவிகளும் எலும்புக் குத்தூசியும் இருந்தன, வயது சுமார் 5,300 ஆண்டு. ஆனால் அதைக் காத்தது தோலின் வலிமையைவிடப் பனிதான். நம் ஈரப்பதத்தில் தோல் பூசணம் பிடிக்கும். வியர்வையில் நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து விறைக்கும். தொடர்ந்து எண்ணெயிட்டுப் பராமரிக்கிறவருக்கு, ராணிப்பேட்டையும் ஆம்பூரும் தோலுக்குப் பெயர்பெற்ற மாநிலத்தில், முழுத்தோல் பை நல்ல துணை. ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட தோலின் அழகே தனி. ஆனால் ‘அசல் தோல்’ என்ற முத்திரை தரத்துக்கு உத்தரவாதம் அல்ல. அடுக்கைச் சீவியெடுத்த மட்டமான தோலுக்கும் அதே முத்திரைதான். எப்படியானாலும் தோல் பையிலும் ஜிப் உண்டு, தையல் உண்டு; தோல் நிலைத்தாலும் அவைதான் முதலில் போகும்.

இன்னொரு மறுப்பு வலுவானது. நடைபாதையில் இருநூறு, முந்நூறு ரூபாய்க்குக் கிடைப்பதை ஆண்டுக்கொன்று வாங்கினாலும் ஆயிரக்கணக்கில் விலையுள்ள பையைவிட லாபம்தானே? வீட்டுக்கும் கடைத்தெருவுக்கும் இடையே பயன்படுத்துபவருக்கு இது நியாயமான கணக்கு. பயணம் செய்பவருக்கு ஒத்துவராது, ஏனென்றால் இழப்பு பையின் விலையோடு நிற்பதில்லை. ஓடும் பேருந்தில் பக்கிள் கழன்றால் விழுவது பாஸ்போர்ட்டும் செல்போனும். அதற்காக மிகவும் விலையுயர்ந்ததை வாங்க வேண்டுமென்றும் இல்லை. விலையில் பெரும் பகுதி பெயருக்கும் அரிதான துணிக்கும் போய்விடுவதுண்டு. நடுத்தர விலையில், மேலே சொன்ன மூலைகள் சரியாக இருக்கும் பை, ஒரு புது ரன்னரும் ஒரு பக்கிளும் மாற்றிக்கொண்டால் பல ஆண்டு வரும்.

இடுப்புப் பை திருடனுக்கு அடையாளம் காட்டிக்கொடுக்கும் என்பதும் உண்மைதான், பின்னால் தொங்கவிட்டால். முன்பக்கமோ மார்புக்குக் குறுக்காகவோ அணிந்து, ஜிப் மூடிமுடியும் முனை கைக்கு அருகில் இருக்கும்படி வைத்தால் சட்டைப் பையைவிடப் பாதுகாப்பு. வங்கி அட்டையின் தகவலைத் தொடாமலே திருடுவதைத் தடுக்கும் ‘ஆர்எஃப்ஐடி தடுப்பு’ என்று கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டாம். தொடாமல் செலுத்தும் அட்டைகள் சில சென்டிமீட்டர் தூரத்தில்தான் வேலை செய்யும். பின் எண் இல்லாமல் செலுத்த இந்தியாவில் ஒரு பரிமாற்றத்துக்கு 5,000 ரூபாய் என்ற வரம்பை ரிசர்வ் வங்கி 2021 ஜனவரியிலிருந்து வைத்திருக்கிறது. அந்தப் பணத்தை நல்ல ஜிப்புக்குக் கொடுங்கள்.

அளவு ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர் போதும். பாஸ்போர்ட்டின் அளவு 125-க்கு 88 மில்லிமீட்டர். இன்றைய செல்போன்கள் பதினாறு சென்டிமீட்டருக்கு மேல் நீளம். உள்நீளம் இருபது சென்டிமீட்டர் இருந்தால் இரண்டும் மடங்காமல் உட்காரும். அதற்கு மேல் பெரிதானால் நிரப்பத் தோன்றும், நிரப்பினால் மூலைகள் அடி வாங்கும். பவர் பேங்குக்கும் இந்தப் பையில் இடம் வேண்டும்: விமானத்தில் அதைச் சரக்குப் பெட்டியில் போடக் கூடாது, கையோடுதான் கொண்டுபோக வேண்டும். 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை, 20,000 எம்ஏஹெச் பவர் பேங்க் சுமார் 74 வாட்-மணிதான்.

வாங்கியபின் ஒரு வேண்டுகோள். வாஷிங் மெஷினில் போடாதீர்கள், பூச்சு போய்விடும். மாதம் ஒருமுறை காலிசெய்து, பின்பக்கத்தையும் பட்டையையும் வெறும் தண்ணீரில் அலசி உப்பைப் போக்கி, ஜிப்பைத் திறந்துவைத்து நிழலில் உலர்த்துங்கள். ரன்னர் இறுகினால் பற்களில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். எண்ணெய் வேண்டாம், அது தூசியைப் பிடித்துவைக்கும்.