வினையும் அதன் துணையும்

நுழையும்முன்

அகராதியில் பொருள் கண்டு எழுதிய ஆங்கிலத் தொடர் பிழையாகிவிடுவது தமிழ்வழியில் பயிலும் மாணவர் பலருக்கு நேர்வதாகும். பெரும்பாலும் அங்கே சொல் பிழையாவதில்லை; சொற்சேர்க்கையே பிழையாகிறது. வினைச்சொல் பிற சொற்களோடு சேர்ந்து பொருள் தரும் முறையைத் தமிழோடு ஒப்பிட்டு விளக்குகிறது இப்பாடம்.

கட்டும் வினை

கொங்கு நாட்டு உழவர், வாய்க்காலில் வரும் நீரைப் பாத்தி பாத்தியாகத் திருப்பிப் பாய்ச்சுவதைத் 'தண்ணீர் கட்டுதல்' என்பர். அவரே வீடு கட்டுகிறார், வேட்டி கட்டுகிறார், மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டுகிறார், மஞ்சளை மூட்டையாகக் கட்டுகிறார். வினை ஒன்றே, சேரும் பெயருக்கேற்பப் பொருள் மாறுகிறது. ஆங்கிலத்தில் இவற்றைச் சொல்ல இரிகேட், பில்ட், வேர், பே, டை என ஐந்து வினைகள் வேண்டும். 'கட்டு' என்றால் 'டை' என்று மட்டும் மனனம் செய்தவர், தண்ணீரையும் கயிற்றால் கட்டிவிடுவார்!

ஆங்கிலத்திலும் இந்நிலை உண்டு. 'ரன்' என்பதன் பொருள் ஓடுதல். ஆயினும், 'ரன் எ மில்' என்பதற்கு ஆலையை நடத்துதல் என்று பொருள். ஆங்கிலம் ஆலையை ஓட்டுகிறது; தமிழ் அதனை நடத்துகிறது. தமிழில் 'செய்' என்னும் ஒரு வினை நிற்கும் இடங்களை ஆங்கிலத்தில் 'டூ', 'மேக்' முதலிய வினைகள் பகிர்ந்துகொள்கின்றன. வீட்டுப்பாடத்திற்கு 'டூ' வரும். தவறுக்கு 'மேக்' வரும். 'தவறு செய்தேன்' என்பதற்கு 'டூ' இட்டு எழுதும் மாணவர், அறியாமலேயே தமிழ் வழக்கை ஆங்கிலத்தில் ஏற்றுகிறார்.

சிறுசொல்லின் ஆற்றல்

ஆங்கில வினை, சிறு இடைச்சொற்களோடு சேர்ந்தும் புதுப்பொருள் பெறும். 'லுக்' என்பது பார்த்தலைக் குறிக்கும். 'லுக் ஃபார்' தேடுதலையும், 'லுக் இன்டு' ஆராய்தலையும், 'லுக் ஆஃப்டர்' பேணுதலையும் குறிக்கும். இவற்றைப் பிரித்துப் பொருள் கொள்ளலாகாது. ஒரே சொல்லாகக் கருதிக் கற்க வேண்டும்.

இம்முறை தமிழ் மாணவருக்குப் புதிதன்று. 'எழுது' என்னும் வினை எழுதிவிடு, எழுதிப்பார், எழுதிவை, எழுதிக்கொடு எனத் துணைவினைகளோடு சேரும்போது, செயலின் நிறைவு, முயற்சி, முன்னேற்பாடு, பிறர்க்குதவல் ஆகிய பொருள் வேறுபாடுகளைத் தருகிறது. 'லுக் ஆஃப்டர்' என்பதற்கு இணையாகத் தமிழிலும் 'பார்த்துக்கொள்' என்றே கூறுகிறோம். வேறுபாடு ஒன்றுண்டு. 'லுக்ட் ஆஃப்டர்' என ஆங்கிலத்தில் முதல்வினையே காலம் காட்டும். 'பார்த்துக்கொண்டாள்' எனத் தமிழில் இறுதியில் நிற்கும் துணைவினையே காலத்தையும் திணை, பால், எண், இடங்களையும் காட்டும்.

தெரிந்து தெளிவோம்

நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவரின் ஊராகப் பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரத்தைக் கொங்கு மக்கள் போற்றுகின்றனர். செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் ஆகிய ஆறினையும் காட்டுவது தெரிநிலை வினை என்கிறது நன்னூல்.

தொழிற்கூடத்தில் தமிழ்

கோவையில் 1888ஆம் ஆண்டு முதல் நூற்பாலைகள் தோன்றின. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் கிடைத்தபின் ஆலைகளும், அவற்றைச் சார்ந்த பட்டறைகளும் பெருகின. எந்திரங்களோடு ஆங்கில வினைகளும் வந்தன. செக், ஃபிட், ரிப்பேர் முதலியன இன்று பட்டறைப் பேச்சில் இயல்பாக வழங்குகின்றன.

எனினும், 'செக்கினான்' என்று எவரும் கூறுவதில்லை. 'செக் பண்ணினான்' என்றே கூறுகின்றனர். ஆங்கில வினை தமிழுக்குள் பெயர்போல நிற்கிறது. வினையின் பொறுப்பைப் 'பண்ணு' ஏற்கிறது. தானம் செய், வசூல் செய் என வடமொழி, உருதுச் சொற்களும் இவ்வாறே வந்து சேர்ந்தன. வடசொற்களுள் சில யோசித்தான், தியானித்தான் எனத் தாமே விகுதி ஏற்றன. ஆங்கில வினைகளோ பெரும்பாலும் அவ்வாறு ஏற்பதில்லை. வந்த சொல் எதுவாயினும் தொடரை ஆள்வது தமிழிலக்கணமே.

இதில் ஓர் இழப்பும் மறைந்துள்ளது. 'யூஸ் பண்ணு', 'ஹெல்ப் பண்ணு', 'வெயிட் பண்ணு' என்று பழகப்பழக, பயன்படுத்து, உதவு, காத்திரு என்னும் வினைகள் நாவிலிருந்து விலகுகின்றன. பல வினைகள் செய்த பணியைப் 'பண்ணு' என்னும் ஒன்றே சுமக்கிறது. தொடரமைப்பு தமிழாகவே இருக்க, வினைவளம் குன்றுகிறது.

இணையாகக் கற்போம்

ஆங்கில வினையைத் தனியே கற்பதினும் அதன் துணையோடு கற்பதே பயன் தரும். 'மேக்' என்று மட்டும் குறித்துக்கொள்ளாமல், 'மேக் எ மிஸ்டேக்', 'மேக் எ டிசிஷன்' எனத் தொடராகவே குறித்தல் நன்று. தமிழ் வினைகளையும் அவ்வாறே கருத்தூன்றிக் கவனிக்க வேண்டும். தண்ணீர் கட்டுவதற்கும் கட்டணம் கட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்தவருக்கு 'லுக் ஃபார்', 'லுக் ஆஃப்டர்' ஆகியவற்றின் வேறுபாடு எளிதில் விளங்கும். தாய்மொழியறிவு பிறமொழி கற்பதற்குத் தடையன்று, அதுவே முதற்படி.

கற்பவை கற்றபின்

1. படம் எடு, ஓய்வு எடு, பசி எடு, மதிப்பெண் எடு – இவற்றிற்குரிய ஆங்கிலத் தொடர்களைக் கண்டறிந்து ஒப்பிடுக.

2. உங்கள் ஊரின் உழவு, நெசவு, பட்டறைத் தொழில்களில் வழங்கும் வினைச்சொற்களை, அவை சேரும் பெயர்களோடு தொகுத்து வகுப்பறையில் கலந்துரையாடுக.