எதிரிப் படைத்தலைவர் 'வலிய கப்பித்தான்' ஆனது எப்படி?

நெய்யாற்றின்கரை: மறுமலர்ச்சிக் கால இத்தாலியைக் களமாகக் கொண்ட 'அசாசின்ஸ் கிரீட் 2' (2009) போன்ற வீடியோ கேம்களில், காவல்படைத் தலைவன் என்பவன் நாயகன் வீழ்த்திவிட்டுக் கடந்துசெல்லும் சிறு எதிரி மட்டுமே. ஆனால், கேரள-தமிழக எல்லைப் பகுதியின் வரலாற்றில், தோற்ற எதிரி ஒருவரே வென்ற மன்னரின் படைத்தலைவரானார். அவர் டச்சு கிழக்கிந்திய கம்பெனியைச் சேர்ந்த டி லனாய்.

பலா மரம் சொல்லும் காரணம்

நெய்யாற்றின்கரை ஸ்ரீகிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் 'அம்மச்சிப் பிலாவு' எனும் பலா மரத்தின் அடிமரம் காக்கப்பட்டு வருகிறது. எட்டுவீட்டில் பிள்ளைமார் துரத்தியபோது, இளவரசர் மார்த்தாண்ட வர்மர் இதன் பொந்தில் ஒளிந்து உயிர்தப்பினார் என்பது மரபுவழிச் செய்தி.

1729-இல் அரியணை ஏறிய அவர், பிரபுக்களின் படைபலத்தை நம்பியிருக்கும் நிலையை மாற்ற விரும்பினார். 1741 ஆகஸ்ட் 10-இல் குளச்சல் போரில் டச்சுப் படை தோற்றது. டி லனாய் சிறைப்பட்டார். உள்நாட்டில் உறவோ, கட்சியோ இல்லாத அவருக்கு ஐரோப்பியப் போர்ப்பயிற்சி தெரிந்திருந்தது. மன்னருக்குத் தேவைப்பட்டதும் அத்தகைய ஒருவரே.

கைதி முதல் தளபதி வரை

முதலில் மன்னரின் மெய்க்காவல் படையில் சில பிரிவுகளுக்குப் பயிற்சியளிக்கும் பொறுப்பு அவரிடம் சோதனையாக ஒப்படைக்கப்பட்டது. அதில் தேறியவர் படிப்படியாக உயர்ந்து, 'வலிய கப்பித்தான்' எனும் பெயர் பெற்றார். உதயகிரிக் கோட்டை அவரது மேற்பார்வையில் வலுப்படுத்தப்பட்டது. அங்கு பீரங்கி வார்ப்புச் சாலையும் இயங்கியது. 1753-இல் மாவேலிக்கரை உடன்படிக்கையின் மூலம் டச்சுக்காரர்கள் திருவிதாங்கூருடன் சமாதானம் செய்துகொண்டனர்.

எல்லைக்கு இருபுறமும்

மன்னர் 1758-இல் மறைந்த பின்னரும் பணியில் நீடித்த டி லனாய், 1777-இல் காலமானார். உதயகிரிக் கோட்டைக்குள் அமைந்துள்ள அவரது கல்லறையில் லத்தீன், தமிழ் ஆகிய இரு மொழிகளிலும் கல்வெட்டு உள்ளது.

1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது, நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் கேரளத்தில் நீடித்தன. குளச்சலும் உதயகிரியும் கன்னியாகுமரி மாவட்டத்துடன் தமிழகத்தில் இணைந்தன. பலா மரம் ஒரு மாநிலத்திலும் கல்லறை மற்றொரு மாநிலத்திலும் இருப்பதால், ஒரே வரலாறு இரண்டு துண்டுகளாகவே பார்க்கப்படுகிறது. நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை, களியக்காவிளை வழியாகத் தக்கலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை அவ்விரண்டையும் இன்றும் இணைக்கிறது.