'வாவ்' என்பதா? 'ஐயோ' என்பதா?

தீபாவளி இரவு. சிவகாசியில் ஒரு தெரு. ராக்கெட் வாணம் சீறிக்கொண்டு மேலே போகிறது. வெடித்துப் பூவாய் விரிகிறது.

"அடேயப்பா!" என்கிறார் பாட்டி.

"வாவ்!" என்கிறான் பேரன்.

இருவரும் சொன்னது ஒன்றுதான். பாஷைதான் வேறு.

வியப்பை 'மருட்கை' என்கிறது தொல்காப்பியம். இதுவரை பார்க்காதது, மிகப் பெரியது, மிகச் சிறியது, ஒன்று இன்னொன்றாக மாறுவது. இந்த நான்கையும் கண்டால் மனிதன் வியப்பானாம். வாணத்தில் நான்குமே இருக்கின்றன. ஒரு பிடி மருந்து வானம் நிறையப் பூவாகிறதே!

நாம் போடும் ஆச்சரியக்குறி அச்சு எந்திரத்தோடு வந்தது. ஓலைச்சுவடியில் அது கிடையாது. ஒரு குறி போதும். மூன்று போட்டால் ஆச்சரியம் மூன்று மடங்கு ஆகிவிடாது.

'வாவ்' நேற்றுப் பிறந்த சொல் அல்ல. ஸ்காட்லாந்துக் கவிஞர் காவின் டக்ளஸ் 1513ம் ஆண்டில் முடித்த நூலிலேயே அது இருக்கிறது. ஸ்காட்லாந்து ஜனங்களின் பேச்சில் கிடந்த சொல், பிறகு அமெரிக்காவில் பரவி, சினிமா வழியாக நம் தெருவுக்கும் வந்துவிட்டது. மனம் மகிழ்ந்தால் மட்டுமே 'வாவ்' சொல்ல வேண்டும். விண்ணப்பத்தில் எழுதக்கூடாது.

பள்ளிக்கூட இலக்கணத்தில் 'ஹுர்ரா', 'அலாஸ்' இரண்டும் தவறாமல் வரும். முன்னது மகிழ்ச்சிக்கு, பின்னது துக்கத்துக்கு. பரீட்சைக்கு அவை வேண்டும். ஆனால் இன்று ஆங்கிலேயர் வீட்டுப் பேச்சில் 'அலாஸ்' கேட்பது அபூர்வம்.

'வாட்' என்றால் எப்போதும் கேள்வி அல்ல. "வாட் எ பியூட்டிபுல் ராக்கெட்!" என்றால், "எவ்வளவு அழகான ராக்கெட்!" என்று பொருள். பொருளின் பெயர் இல்லாமல் அழகை மட்டும் சொன்னால் "ஹவ் பியூட்டிபுல்!"

"ரியலி?" என்று யாராவது கேட்டால் கோபம் வேண்டாம். "பொய் சொல்லாதே" என்று அவர் சொல்லவில்லை. நம் "அப்படியா?" தான் அது.

'ஷாக்' - ஜாக்கிரதை!

நாம் எதற்கெடுத்தாலும் "ஷாக் ஆயிட்டேன்" என்கிறோம். ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் கெட்ட அதிர்ச்சி. நண்பனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. "ஐ ஆம் ஷாக்ட்" என்றால், "உனக்கெல்லாம் யார் வேலை கொடுத்தது?" என்பது போல் ஆகிவிடும். "வாட் வொண்டர்புல் நியூஸ்!" என்றால் வம்பே இல்லை.

பகல் வெடிச்சத்தம்

இரவில் வெடித்தால் "ஆகா!" என்னும் இதே ஊர்களில், வேலை நாளில் பகலில் பெரிய சத்தம் கேட்டால் வாயில் வருவது வேறு.

"ஐயோ! எந்த ஆலையோ?"

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகும் குடும்பங்கள் ஏராளம். சத்தம் கேட்டதும் வீட்டில் இருப்பவர்கள் வாசலுக்கு ஓடி வந்து, எந்தத் திசையில் புகை கிளம்புகிறது என்று பார்ப்பார்கள். மகள் போன ஆலை அந்தத் திசையிலா?

2012ம் ஆண்டு செப்டம்பர் 5ந்தேதி முதலிப்பட்டியில் அப்படித்தான் சத்தம் கேட்டது. என்ன ஆயிற்றோ என்று ஓடியவர்களும், காப்பாற்றப் போனவர்களும் அடுத்த வெடிப்பில் சிக்கினார்கள். 40 பேர் அளவில் இறந்தார்கள்.

அந்த "ஐயோ"வுக்கு ஆங்கிலத்தில் எதை ஈடாகச் சொல்வது? 'அலாஸ்' புத்தகத்தோடு நின்றுவிட்டது. 'ஓ மை காட்' புதுப் புடவைக்கும் சொல்லலாம், சாவுக்கும் சொல்லலாம்.

2016ம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி 'ஐயோ' என்ற சொல்லையே சேர்த்துக்கொண்டது. துயரத்தையும் வருத்தத்தையும் காட்டும் சொல் என்று அதில் பொருள் போட்டிருக்கிறது.