மடிக்கணினியில் மணியடிக்கும் கைப்பேசி

தோட்டத்துக் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்குப் பட்டம் கிடைப்பதற்கு முன்பே ஒரு வேலை கிடைத்துவிடுகிறது. அது அழைப்பு வேலை. மருத்துவமனைத் தேதியை மாற்ற வேண்டுமா, இ.பி.எஃப். கணக்கில் சந்தேகமா, மின்கட்டணம் திடீரென்று ஏறிவிட்டதா? "கண்ணு, நீதான் மலாயில நல்லாப் பேசுவ. கொஞ்சம் கேட்டுச் சொல்லும்மா" என்று பாட்டி கைப்பேசியை நீட்டுவார். பாட்டியைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்காவும் நீட்டுவார்.

நான் மலாக்கா நகரில் படிக்கிறேன். பாட்டி வீடு ஜாசின் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் இருக்கிறது. ஓராண்டாக இந்த அழைப்புகளை நான் மடிக்கணினி வழியாகவே செய்கிறேன். இதில் எனக்குக் கிடைத்த வசதிகளையும், நாம் அவசியம் அறிய வேண்டிய ஓர் ஆபத்தையும் மாணவ நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மூன்று வழிகள்

கணினியில் பேசுவது என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் மூன்று வகை உண்டு.

முதல் வகையில் கைப்பேசிதான் அழைக்கிறது. கணினி அதற்குக் காதாகவும் வாயாகவும் இருக்கிறது. விண்டோஸில் உள்ள 'போன் லிங்க்' இந்த வகையைச் சேர்ந்தது. 2018இல் 'யுவர் போன்' என்ற பெயரில் வந்த இந்தச் செயலி 2022இல் பெயர் மாறியது. 2023 முதல் ஐபோனோடும் இணைகிறது. ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்களுக்கு 2014 முதலே இப்படி ஒரு வசதி உண்டு.

இரண்டாவது, செயலிக்குச் செயலி பேசுவது. வாட்ஸ்அப் 2021இல் தன் கணினிச் செயலியில் குரல், காணொளி அழைப்புகளைக் கொண்டுவந்தது. இதற்கு இணையம் போதும். ஆனால் மறுமுனையில் இருப்பவரிடமும் அதே செயலி இருக்க வேண்டும். அரசு அலுவலக முகப்பிடத்தை இப்படி அழைக்க முடியாது.

மூன்றாவது, இணையத்திலிருந்து சாதாரணத் தொலைபேசி எண்ணுக்கே அழைப்பது. 2003இல் தொடங்கிய ஸ்கைப் இதை உலகம் முழுவதும் பிரபலமாக்கியது. வெளிநாட்டில் வேலை செய்தவர்கள் குறைந்த செலவில் வீட்டோடு பேசினார்கள். அந்த ஸ்கைப் 2025 மே 5ஆம் தேதி மூடப்பட்டது. எவ்வளவு பெரிய சேவையும் ஒருநாள் நிற்கலாம். தொடர்பு எண்களை ஒரே செயலிக்குள் பூட்டி வைக்காமல் தனியாகவும் எழுதி வைப்பது நல்லது.

குரல் எப்படிப் பயணம் செய்கிறது?

இணைய அழைப்பில் நம் குரல் முதலில் எண்களாக மாறுகிறது. சாதாரணத் தொலைபேசித் தரத்துக்கு ஒரு வினாடியில் 8,000 முறை குரலை அளந்தால் போதும். அந்த எண்கள் சிறுசிறு பொட்டலங்களாகக் கட்டி அனுப்பப்படுகின்றன. பெரும்பாலும் ஒரு பொட்டலத்தில் 20 மில்லி வினாடிப் பேச்சு இருக்கும். அதாவது ஒரு வினாடிக்கு 50 பொட்டலங்கள். சில பொட்டலங்கள் வழியில் தொலைந்தால் குரல் வெட்டி வெட்டிக் கேட்கும். தாமதமாக வந்தால் இருவரும் ஒரே நேரத்தில் பேசித் தடுமாறுவோம். ஒருவழித் தாமதம் 150 மில்லி வினாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழிகாட்டல்.

இந்தத் துறையைப் படிக்க விரும்பும் மாணவர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. இன்று மல்டிமீடியா பல்கலைக்கழகம் என்று நாம் அறியும் நிலையம் 1996இல் மலாக்காவில் யூனிவர்சிட்டி டெலிகோம் என்ற பெயரில்தான் தொடங்கியது.

தோட்டத்து வீட்டில் என்ன பயன்?

பாட்டி வீட்டில் சன்னலோரம் மட்டும்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். முன்பெல்லாம் அந்தச் சன்னலை ஒட்டி நின்றபடியேதான் பேச வேண்டும். இப்போது கைப்பேசியைச் சன்னலில் வைத்துவிட்டு, நடு வீட்டு மேசையில் கணினியைத் திறந்து, பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுகிறேன். இரண்டும் புளூடூத் வழியாக இணைகின்றன. சுமார் பத்து மீட்டருக்குள் இருந்தால் போதும். நடுவில் கனமான சுவர் இருந்தால் தூரம் குறையும்.

இணைப்பதும் எளிது. கணினியில் 'போன் லிங்க்', ஆண்ட்ராய்டு கைப்பேசியில் 'லிங்க் டு விண்டோஸ்' இரண்டையும் திறந்து, திரையில் தோன்றும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்ய வேண்டும். பிறகு அழைப்புக்கான அனுமதியைக் கொடுத்துப் புளூடூத்தை இணைக்க வேண்டும். ஒன்றை மறக்க வேண்டாம். அழைப்பு நம் சிம் அட்டை வழியாகத்தான் போகிறது. கட்டணமும் அதிலிருந்துதான் கழியும். கைப்பேசியில் சிக்னல் இல்லையென்றால் கணினியிலும் அழைப்பு இல்லை. வீட்டில் இணையம் இருந்தால், கைப்பேசியில் 'வைஃபை காலிங்' வசதி உண்டா என்று பார்த்து அதை இயக்கிக்கொள்ளலாம்.

பெரிய வசதி, இரண்டு கைகளும் ஓய்வாக இருப்பதுதான். காத்திருப்பு இசை ஒலிக்கும்போதே பாட்டியின் அடையாள அட்டை எண், பழைய கடிதம் எல்லாவற்றையும் திரையில் தயாராக வைக்கலாம். நான் ஒவ்வோர் அழைப்புக்கும் நான்கு விவரங்களைத் தட்டச்சு செய்து வைக்கிறேன்: தேதியும் நேரமும், பேசிய அதிகாரியின் பெயர், கொடுத்த பதிவு எண், அடுத்து செய்ய வேண்டியது. ஒருமுறை ஓர் அலுவலகத்தில் "நீங்கள் அழைத்ததாகப் பதிவே இல்லையே" என்றார்கள். தேதி, நேரம், பதிவு எண்ணைப் படித்துக் காட்டியதும் கோப்பு கிடைத்தது. உரையாடலை ஒலிப்பதிவு செய்ய நினைத்தால் மறுமுனையில் இருப்பவரிடம் முதலில் சொல்லிவிடுவது மரியாதை.

ஒலிபெருக்கியில் பேசும்போது அந்தச் சத்தமே மைக்கில் நுழைந்து எதிரொலியாகலாம். நீங்கள் மட்டும் பேசினால் ஹெட்செட் அணியுங்கள். பாட்டியும் கேட்க வேண்டுமென்றால் ஒலியைக் குறைத்து வையுங்கள்.

திரையில் தெரியும் எண்ணை நம்பலாமா?

இனி அந்த ஆபத்துக்கு வருகிறேன். கணினியால் அழைக்க முடியும் என்பது மோசடிக்காரர்களுக்கும் தெரியும். இணைய அழைப்பில், பெறுபவரின் திரையில் தோன்றும் எண் அழைப்பவரின் பக்கத்திலிருந்து அனுப்பப்படும் ஒரு தகவல்தான். அதைப் பொய்யாக மாற்றி அனுப்ப மென்பொருள்கள் உண்டு. அதனால் எங்கிருந்தோ பேசுகிறவன், காவல் நிலையத்தின் எண்ணையோ வங்கியின் எண்ணையோ நம் திரையில் தோன்றச் செய்யலாம். நம் நாட்டில் 'மக்காவ் ஸ்கேம்' என்று சொல்லப்படும் மோசடியில் இந்த உத்தியும் ஒன்று.

எங்கள் லயத்தில் ஓய்வுபெற்ற தாத்தா ஒருவருக்கு, நீதிமன்றத்தில் அவர் பெயரில் வழக்கு இருப்பதாக ஓர் அழைப்பு வந்தது. யாரிடமும் சொல்லக்கூடாது என்றும் மிரட்டினார்கள். அவர் பயந்தாலும், "பேத்தியிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்று துண்டித்துவிட்டார். அதனால் அவருடைய சேமிப்பு தப்பியது. ஆயுள் முழுவதும் பால்மரம் வெட்டிச் சேர்த்த பணம் அது.

செய்ய வேண்டியது இதுதான். உடனே துண்டியுங்கள். வந்த எண்ணுக்கே திரும்ப அழைப்பதைவிட, வங்கி அட்டையின் பின்புறத்திலோ அதிகாரப்பூர்வ இணையத்தளத்திலோ உள்ள எண்ணைப் பார்த்து நீங்களாக அழையுங்கள். பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 997 எண்ணுக்கு அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண் அது. காவல்துறையும் பேங்க் நெகாராவும் அதில் இணைந்து செயல்படுகின்றன. பணம் கைமாறிக்கொண்டே போகும் என்பதால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

கைப்பேசியைக் கணினியோடு இணைத்தால் குறுஞ்செய்திகளும் திரையில் தெரியும். வங்கி அனுப்பும் ரகசிய எண்ணும் அதில் வரலாம். எனவே கல்லூரிக் கணினிக்கூடத்திலோ நண்பரின் கணினியிலோ கைப்பேசியை இணைக்கவே கூடாது. சொந்தக் கணினிக்கும் கடவுச்சொல் வேண்டும். கணினியை விற்பதற்கு முன் இணைப்பை நீக்கிவிடுங்கள். அவசர நேரத்தில் 999 அழைக்கக் கணினியைத் தேடாதீர்கள். கைப்பேசியையே எடுங்கள்.

இந்த வார இறுதியில் வீட்டுக்குப் போகும் நண்பர்கள் இரண்டு காரியம் செய்யலாம். பெரியவர்கள் யாருக்காவது நிலுவையில் இருக்கும் ஓர் அழைப்பை, அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்து கொடுங்கள். பிறகு, சுவரில் தொங்கும் நாட்காட்டியில் 997 என்று பெரிதாக எழுதி, அது எதற்கு என்று அவர்களுக்குப் புரியும்படி சொல்லிவிட்டு வாருங்கள்.