தீராத தோல்நோய்க்குப் பொறுமையும் பத்தியமும்

காவிரிக்கரைத் தலமாகிய திருத்துருத்திக்கு, இன்றைய குத்தாலத்திற்கு, சுந்தரமூர்த்தி நாயனார் எழுந்தருளியபோது அவர் திருமேனி பிணியால் வாடியிருந்தது. அந்நிலையிலேயே சந்நிதி அடைந்து வேண்டினார். வடகுளத்தில் நீராடுமாறு இறைவன் அருள, பிணி நீங்கி மேனி பொலிவுற்றது என்கிறது பெரியபுராணம். நோயுற்று வந்த அடியவரை இறைவன் விலக்கவில்லை. நோய் நீங்கும் வழியைக் காட்டியருளினார்.

இன்றோ, சோரியாசிஸ் என்னும் தோல்நோய் கண்ட முதியோர் சிலர், பிறர் முகம் சுளிப்பரோ என்றஞ்சி ஆலயம் செல்வதையே தவிர்க்கின்றனர். சித்த மருத்துவர் காளாஞ்சகப்படை என வழங்கும் இந்நோய் தொற்றுநோய் அன்று. அருகில் அமர்வதாலோ, தொடுவதாலோ பிறருக்குப் பரவாது.

ஆயுர்வேத நூலாகிய சரக சம்ஹிதை, தோல்நோய்கள் அனைத்தையும் 'குஷ்டம்' என்ற பொதுப்பெயரால் குறித்து, பெரியவை 7, சிறியவை 11 என 18 வகையாகப் பிரிக்கிறது. அவற்றுள் 'ஏககுஷ்டம்' வியர்வையின்றிப் பரந்து, மீன்செதில் போலத் தோன்றுவது. சோரியாசிஸை வைத்தியர்கள் இதனோடு ஒப்பிடுவர்.

வாத, பித்த, கபங்கள் கெட்டுத் தோல், இரத்தம், தசை, நிணநீர் ஆகியவற்றைத் தாக்குவதே நோய்க்குக் காரணம் என்பது அந்நூலின் கருத்து. ஒன்றுக்கொன்று பகையான உணவுகள், தயிர், உப்பு, புளிப்பு ஆகியவற்றின் மிகுதி, பகலுறக்கம், வெயிலில் வந்தவுடன் குளிர்நீரில் இறங்குதல் முதலியவற்றை அது விலக்கச் சொல்கிறது. பழைய அரிசி, பாசிப்பயறு, கசப்புக் காய்கள் ஆகியன பத்திய உணவாகும்.

வாந்தி, பேதி முதலியவற்றால் உடலைத் தூய்மை செய்வது இந்நோய்க்குரிய முதன்மைச் சிகிச்சை. ஆயினும் முதியோருக்கு வாந்தி சிகிச்சை ஏற்றதன்று என்று அந்நூல்களே விலக்குகின்றன. ஆகவே மென்மையான முறைகளே அவர்களுக்கு உகந்தவை. மருந்திட்டுக் காய்ச்சிய நெய், கேரள வைத்தியர் கையாளும் மோர்த்தாரை ஆகியன அத்தகையவை. வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் இட்டு வெயிலில் வைத்து, ஊதா நிறம் பெற்றபின் பூசும் தைலம் சித்த மருத்துவத்தில் பெயர் பெற்றது.

சில எச்சரிக்கைகள் இன்றியமையாதவை. பாதரசம் போன்றவை சேர்ந்த மருந்துகளைத் தாமாக வாங்கி உண்ணலாகாது, சிறுநீரகம் கெடும். உட்கொண்டு வரும் ஸ்டீராய்டு மருந்தைத் திடீரென நிறுத்தினால் நோய் பன்மடங்கு பெருகக்கூடும். சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகள் உண்போர் அதனை வைத்தியரிடம் முன்கூட்டியே தெரிவித்தல் வேண்டும். மூட்டுகளில் வலியோ வீக்கமோ கண்டால் தாமதமின்றி மருத்துவரை நாடவேண்டும். சில நாளில் அடியோடு நீக்குவதாக உறுதி கூறுவோரை நம்பலாகாது. இந்நோய் தணிந்தும் மீண்டும் தலைகாட்டும் இயல்புடையது.

பத்தியமும் பொறுமையும் நோயுற்றவர் கடமை. அவர் அருகில் வந்து நிற்கும்போது விலகாமல் இடம் தருவது உடன் நிற்கும் அடியவரின் கடமை. சுந்தரருக்குத் திறந்திருந்த சந்நிதி, இவர்களுக்கும் திறந்தே இருக்கிறது.